ரிலீஸ் ஆச்சு சரி, என்ன குறைஞ்சது?

டிசைன் சிஸ்டம் குழுக்கள், அதாவது ஒரு நிறுவனத்தின் எல்லா ப்ராடக்ட்டுக்கும் பொதுவான பட்டன், படிவப் பெட்டி போன்ற திரைத் துண்டுகளை (காம்போனென்ட்) செய்து தரும் குழுக்கள், காலாண்டுத் தொடக்கத்தில் எழுதும் இலக்குகளைக் கொஞ்சம் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். "எல்லா ப்ராடக்ட்டிலும் சீரான அனுபவம்." "டெவலப்பர்களின் வேலையை எளிதாக்குதல்." "அக்சஸிபிலிட்டியை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதை) மேம்படுத்துதல்." இதில் எதையாவது வேண்டாம் என்று சொல்லும் ஆள் உண்டா? அதேபோல, இதில் எதிலாவது தோற்கத்தான் முடியுமா? காலாண்டு முடிவில் ஒரே ஒரு பட்டனின் மூலை வளைவை எல்லா இடத்திலும் ஒன்றாக்கியிருந்தாலும் சீர்மை கூடியதாகத்தான் கணக்கு. டாக்குமென்டேஷனில் இரண்டு பத்தி சேர்த்திருந்தாலும் டெவலப்பரின் வேலை எளிதானதாகத்தான் கணக்கு. இப்படிப்பட்ட வாசகங்களை வைத்துக்கொண்டு ரிலீஸ் மேல் ரிலீஸாகப் போட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் எனக்கு நெருடலாக இருந்தது.

சென்னையில் ஒரு ப்ராடக்ட் நிறுவனத்தில், பல குழுக்களுக்குப் பொதுவான காம்போனென்ட் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் குழுவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் எங்கள் நிலவரம் பழகியதாகத்தான் இருக்கும்: ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஒரு லைப்ரரி, கோடில் ஒரு லைப்ரரி, இரண்டுக்கும் நடுவே தினமும் ஒரு சின்னத் தகராறு. வெளியே ஏழெட்டு ப்ராடக்ட் குழுக்கள். அவர்களுக்கு எங்கள் மேல் பாசம் உண்டு, நேரம் கிடையாது.

பதிப்பு எண் ஏறியது

ஒரு பெரிய மேஜர் ரிலீஸ் போட்டோம். புதுக் கலர் டோக்கன்கள் (நிறங்களுக்கு வைக்கும் பொதுப் பெயர்கள்), புது ஐகான் தொகுப்பு, திரும்ப எழுதிய ஃபார்ம் காம்போனென்ட்டுகள், காம்போனென்ட்டுகளைக் காட்சிக்கு வைக்கும் ஸ்டோரிபுக் தளத்துக்குப் புது முகம். டெமோவில் கைதட்டல் கிடைத்தது. ஸ்லாக்கில் ராக்கெட் எமோஜிகள் வரிசைகட்டின. ரிலீஸ் நோட்ஸ் நீளமாக இருந்தது, நீளமாக இருந்ததையே ஒரு சாதனையாகச் சிலர் சொன்னார்கள். மற்ற குழுக்கள் லைப்ரரியை இறக்கிக்கொள்ளும் என்பிஎம் தளத்தில் டவுன்லோட் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. அந்த வரைபடத்தை மேலாளர்கள் கூட்டத்தில் ஒரு ஸ்லைடாகவும் போட்டார்கள்.

டவுன்லோட் எண்ணிக்கை என்பது எவ்வளவு பெரிய கண்கட்டு என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள். கோடைச் செயலியாகத் தொகுக்கும் பில்ட் சர்வர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் எங்கள் பேக்கேஜை இறக்குகிறது. அதுவும் கணக்கில் ஏறுகிறது. ஒரு குழு ஒரே நாளில் ஒரு சின்ன எழுத்துப்பிழையைத் திருத்த இருபது முறை பில்ட் ஓட்டினால் எங்கள் 'பயன்பாடு' இருபது கூடும். யார் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள், எந்த காம்போனென்ட்டை உண்மையாகவே திரையில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சரிபார்க்க ஒவ்வொரு ரெப்போவாக (ஒரு குழுவின் கோடு இருக்கும் இடம்) திறந்து பார்த்தபோது, புதுப் பதிப்பை முழுமையாக எடுத்திருந்த குழுக்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் புதுசையும் பழசையும் சேர்த்து வைத்திருந்தார்கள். புது பீரோ வாங்கிய வீட்டில் பழைய பீரோவும் அதே அறையில் நின்றால் எப்படியோ அப்படி: சாமான் கூடியது, நடக்க இடம் போனது. பயனர் இறக்க வேண்டிய கோடின் மொத்த அளவு (பண்டில்) ஏறியிருந்தது. ஒரே திரையில் இரண்டு விதமான டெக்ஸ்ட் பாக்ஸ். 'சீரான அனுபவம்' என்று இலக்கு எழுதியிருந்த காலாண்டில் சீர்மை இறங்கியிருந்தது.

இதை யாருடைய தவறு என்று பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. எல்லோரும் அவரவர் இலக்கைச் சரியாகத்தான் நிறைவேற்றியிருந்தார்கள். எங்கள் இலக்கில் 'வெளியிடுவது' என்று இருந்தது, வெளியிட்டோம். ப்ராடக்ட் குழுக்களின் இலக்கில் எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவர்களும் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

எந்த ஃபைலை டெலீட் பண்ணலாம்?

அடுத்த காலாண்டுக்கான திட்டக் கூட்டத்துக்குப் பேமெண்ட்ஸ் குழுவின் லீட் வந்திருந்தார். எங்களைவிட அனுபவசாலி, அதிகம் பேச மாட்டார். நாங்கள் வழக்கம்போல வரப்போகும் சிறப்புகளைக் காட்டினோம்: இன்னும் ஒரு தொகுதி ஐகான்கள், கார்டு காம்போனென்ட்டில் நாலு வேரியன்ட், டேபிளில் நெடுக்குக் கோடு வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒரு ப்ராப் (காம்போனென்ட்டுக்குக் கொடுக்கும் அமைப்பு). அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் லேப்டாப்பைத் திருப்பி ஒரு ஃபைலைக் காட்டினார்.

பிறந்த தேதி கேட்கும் இடத்துக்காக அவருடைய குழு சொந்தமாக எழுதிய ஃபைல் அது. எங்கள் லைப்ரரியில் இருந்தது நாள்காட்டி திறக்கும் டேட் பிக்கர். ரயில் டிக்கெட் தேதிக்கு அது சரி. கேஒய்சி படிவத்தில் 1968-இல் பிறந்த ஒருவர் அதை வைத்து என்ன செய்வார்? இடதுபக்க அம்புக்குறியை மாதம் மாதமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அறுநூறுக்கும் மேற்பட்ட அழுத்தல். அதனால் அவர்கள் நாள், மாதம், வருடம் என்று மூன்று சின்னப் பெட்டிகள் வைத்துத் தனியாக ஒன்று செய்திருந்தார்கள். ஃபைலின் பெயரில் 'ஃபைனல்' என்ற சொல்லும் அதற்குப் பின்னால் ஒரு 2-ம் இருந்தது. முதல் வரியில் ஒரு கமென்ட்: டிசைன் சிஸ்டத்தில் இது வந்ததும் இந்த ஃபைலைத் தூக்கிவிடவும். அதை எழுதியவர் நிறுவனத்தை விட்டுப் போயே வெகுகாலம் ஆகிறது.

"நீங்க புது வெர்ஷன் விடுறீங்க. ஏத்திக்கிட்டா இந்த ஃபைலை நான் டெலீட் பண்ணலாமா?" என்றார்.

இல்லை, டேட் இந்தக் காலாண்டில் இல்லை என்றோம்.

"சரிங்க. அப்ப வேற எந்த ஃபைலை டெலீட் பண்ணலாம்?"

எங்கள் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் டிசைனர் கொஞ்சம் தயங்கி, "இப்போதைக்கு டெலீட்னு ஒண்ணும் இல்லைங்க, ஆனா நிறைய புதுசா..." என்று இழுத்தார். லீட் கோபப்படவில்லை. "அப்ப எனக்கு வேலை கூடத்தானே செய்யுது? ஒரு ஸ்பிரிண்ட் ஒதுக்கி ஏத்தணும், டெஸ்ட் பண்ணணும், கடைசியில என் கோடுல ஒரு வரிகூடக் குறையாது. என் மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்லி ஒதுக்குறது?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினார்.

நான் இதுவரை படித்த எந்த மெட்ரிக்ஸ் வழிகாட்டியும் எனக்குச் செய்யாததை இந்தக் கேள்வி செய்தது. நாங்கள் எப்போதும் சேர்த்ததை எண்ணிக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் இருப்பவர் குறைவதை எண்ணுகிறார். அவர் எண்ணும் விதத்தில் இலக்கை எழுதினால் என்ன? அன்று மாலையே வெள்ளைப் பலகையில் ஏற்கெனவே இருந்ததை அழித்துவிட்டு ஒரு வாக்கியம் எழுதினோம்: பேமெண்ட்ஸ், கடன், இன்சூரன்ஸ் ஆகிய மூன்று ரெப்போவிலும் சொந்தமாக எழுதிய பிறந்த தேதி ஃபைல் செப்டம்பர் கடைசி வேலை நாளுக்குள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். இருக்கிறதா இல்லையா என்பதை ரெப்போவைத் திறக்கத் தெரிந்த யாரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எங்களிடம் கேட்க வேண்டியதுகூட இல்லை.

அந்த வாக்கியம் எழுதப்பட்ட கணத்திலிருந்து வேலையின் முகமே மாறிவிட்டது, இதை மிகையாகச் சொல்லவில்லை. முதலில், ஐகான்களும் கார்டு வேரியன்ட்டுகளும் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்தன. "இது அந்த ஃபைல் போறதுக்கு உதவுமா?" என்று கேட்டால் போதும், விவாதமே தேவைப்படவில்லை. அடுத்து, மூன்று குழுக்களின் ஃபைல்களையும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். அதுவரை எங்கள் காம்போனென்ட்டை அவர்கள் ஏன் ஒதுக்கினார்கள் என்று ஊகித்துக்கொண்டிருந்தோம்; இப்போது காரணம் கண்ணெதிரே கோடாக இருந்தது. கடன் குழுவின் ஃபைலில் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதா என்ற சோதனை. இன்சூரன்ஸ் குழுவின் ஃபைலில் அதற்கு நேர்மாறு: நாமினி மைனராக இருந்தால் காப்பாளர் பெயர் கேட்கும் கிளை. இரண்டையும் லைப்ரரிக்குள் திணிக்கக் கூடாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது தங்கள் சோதனையைத் தாங்களே செருகிக்கொள்ள ஒரு வழியும், பிழைச் செய்தியைச் சரியான பெட்டிக்குக் கீழே காட்ட ஒரு இடமும். பிப்ரவரி 31 என்று அடித்தால் மூன்று பெட்டியும் சிவக்க வேண்டுமா, நாள் பெட்டி மட்டுமா? மூன்று குழுவும் மூன்று விதமாகச் செய்திருந்தார்கள். அதில்தான் அதிக நேரம் போனது.

மூன்றாவது மாற்றம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. முன்பெல்லாம் வெளியிட்டதோடு எங்கள் வேலை முடிந்தது, ஏற்றிக்கொள்வது உங்கள் பாடு என்பதுதான் வழக்கம். இப்போது இலக்கே அடுத்தவர் ரெப்போவில் இருக்கிறது. ஆகவே எங்கள் ஆட்களே அங்கே போய் புல் ரெக்வெஸ்ட் (கோடு மாற்றத்தை ஏற்கச் சொல்லும் வேண்டுகோள்) போட்டார்கள். அந்தப் பழைய கமென்ட்டோடு சேர்த்து ஃபைலை நீக்கும் புல் ரெக்வெஸ்டுக்குப் பேமெண்ட்ஸ் லீட் போட்ட ஒரே மறுமொழி ஒரு தேநீர்க் கோப்பை எமோஜி.

செப்டம்பர் முடிவில் இரண்டு ஃபைல் போயிருந்தன. இன்சூரன்ஸ் ஃபைல் போகவில்லை. அவர்களுக்குள் ஒரு ரிலீஸ் ஃப்ரீஸ், அதாவது புது மாற்றம் எதையும் வெளியிடத் தற்காலிகத் தடை. ஆக, இலக்கு எட்டப்படவில்லை. விசித்திரம் என்னவென்றால் மேலதிகாரிகளிடம் இதைச் சொல்வது அந்தப் பழைய 'சீர்மை உயர்ந்தது' ஸ்லைடைவிட எளிதாக இருந்தது. மூன்றில் இரண்டு, மூன்றாவது எங்கே நிற்கிறது, ஃப்ரீஸ் எப்போது விலகும். மறுகேள்வி வரவில்லை.

கிரீடம் மாறிய பிப்ரவரி

மூன்று பெட்டித் தேதி என்றதும் சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும்: பிரிட்டன் அரசின் கவ்.யூகே டிசைன் சிஸ்டம், நினைவில் இருக்கும் தேதிகளைக் கேட்க நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டிகளைத்தான் பரிந்துரைக்கிறது. 2018-இல் வெளிவந்த அந்த சிஸ்டத்தை நான் வேறொரு காரணத்துக்காகவும் கவனித்து வருகிறேன். அவர்கள் ரிலீஸ் போடும் விதம் எனக்குப் பிடிக்கும்.

2024 பிப்ரவரியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் அரசி காலத்தில் அரசுச் சின்னங்களில் இருந்தது செயின்ட் எட்வர்ட் கிரீடம். சார்ல்ஸ் மன்னர் டியூடர் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார். கவ்.யூகே தளத்தின் தலைப்பட்டையில் இருக்கும் சின்னமும் மாற வேண்டும், அதோடு அந்தத் தலைப்பட்டையைப் பயன்படுத்தும் மற்ற அரசுச் சேவைகள் எல்லாவற்றிலும் மாற வேண்டும். இவற்றை நடத்துவது வெவ்வேறு துறைகள், வெவ்வேறு குழுக்கள். சிலர் புதிய 5-ஆம் பதிப்பில் இருந்தார்கள், சிலர் இன்னும் 4-இல். 5-ஆம் பதிப்பு வந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எங்களைப் போன்ற ஒரு குழுவாக இருந்தால் அந்த இடத்தில் என்ன தோன்றியிருக்கும்? "நல்ல வாய்ப்பு, கிரீடத்தைப் 5-இல் மட்டும் விடுவோம், எல்லோரும் வேறு வழியில்லாமல் 5-க்கு வந்துவிடுவார்கள்." சபலம் அப்படித்தான் வேலை செய்யும். அவர்கள் 5-க்கும் ஒரு சின்ன ரிலீஸ் போட்டார்கள், பழைய 4-க்கும் ஒரு சின்ன ரிலீஸ் போட்டார்கள். இலக்கு 'எல்லோரையும் புதுப் பதிப்புக்குக் கொண்டுவருவது' அல்ல, 'பழைய கிரீடம் எங்கும் தெரியக் கூடாது' என்பது. அதை எண்ணுவதற்கு டேஷ்போர்டு வேண்டாம். தளத்தைத் திறந்தால் மேலே இருக்கிறது, பழசா புதுசா. இந்த ஒரு எடுத்துக்காட்டை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம், இலக்கு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அதுவே ரிலீஸின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

நேர் எதிரான அனுபவம் வேண்டுமானால் வலைத்தளம் கட்ட உதவும் திறந்த மூலத் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்பின் 4-ஆம் பதிப்பு இருக்கிறது. முதல் ஆல்பா 2015 ஆகஸ்ட். நிலையான பதிப்பு 2018 ஜனவரி. நடுவில் திரையை அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முறை இயல்பானது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 கைவிடப்பட்டது, ஒவ்வொன்றும் நல்ல முடிவுதான். அந்த இரண்டரை வருடமும் 3-இல் தங்குவதா, ஆல்பாவை நம்பி இறங்குவதா என்று அல்லாடிய குழுக்களில் நானும் வேலை செய்திருக்கிறேன். திறந்த மூலத் தன்னார்வலர்களைக் குறை சொல்வது நியாயமில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு உள்நிறுவன லைப்ரரி நடத்தும் நாம் அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது வேறு விஷயம்.

சதவீதத்தின் சேட்டை

அளக்கக்கூடிய இலக்கு என்றதும் எல்லோர் கையும் சதவீதத்துக்குத்தான் போகும். "அடாப்ஷன் 80 சதவீதம்." கேட்க அழகு. எதில் 80 என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். திரைகளிலா, காம்போனென்ட்டுகளிலா, ரெப்போக்களிலா? ரியாக்ட் ஸ்கேனர் மாதிரியான திறந்த மூலக் கருவிகளை ஓடவிட்டால் எந்த காம்போனென்ட் எத்தனை இடத்தில், எந்தெந்த ப்ராப்போடு பயன்படுகிறது என்று அழகாக எண்ணித் தந்துவிடும். நாங்களும் ஓட்டினோம். ஒரு குழுவின் எண் திடீரென்று உச்சத்துக்குப் போயிருந்தது. போய்ப் பார்த்தால், எங்கள் கார்டை இம்போர்ட் செய்து, அதன் மேல் தங்கள் சொந்த உறை ஒன்றைப் போர்த்தி, எங்கள் ஸ்டைல் ஒவ்வொன்றையும் மேலெழுதியிருந்தார்கள். திரையில் எங்கள் கார்டின் சாயல் துளிகூட இல்லை. கருவியின் கணக்கில் அது முழு மதிப்பெண். அவர்கள் ஏமாற்றவில்லை, அடாப்ஷன் சதவீதத்தை உயர்த்தச் சொல்லி யாரோ கேட்டார்கள், உயர்த்தினார்கள்.

அளவை இலக்காக்கினால் அது நல்ல அளவாக இருப்பதை விட்டுவிடும் என்பதைப் பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கையை வைத்துச் சொன்னார். இன்று நாம் சொல்லும் சுருக்கமான வடிவத்தை 1997-இல் கொடுத்தவர் மானுடவியலாளர் மரிலின் ஸ்ட்ரத்தர்ன். இதைக் காட்டி 'அளக்கவே கூடாது' என்று வாதிடும் டிசைனர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சதவீதம் ஏமாற்ற இடம் கொடுப்பதற்குக் காரணம் அதன் கீழே இருக்கும் பகுதி, அதாவது எதில் இத்தனை சதவீதம் என்பது, கண்ணுக்குத் தெரியாததுதான். 'இந்த மூன்று ஃபைல்' என்பதில் அந்த இடம் இல்லை. ஃபைலை நீக்கிவிட்டு அதே கோடை வேறு பெயரில் வைக்கலாம் என்பீர்கள். வைக்கலாம். ஆனால் புல் ரெக்வெஸ்டில் நாங்கள் இருக்கிறோமே.

கூகுளில் கெர்ரி ராடனும் சகாக்களும் 2010-இல் எழுதிய, பயனர் அனுபவத்தை அளக்கும் ஹார்ட் (HEART) சட்டகத்தில் ஒரு வரிசை உண்டு: முதலில் குறிக்கோள், பிறகு அது நடக்கிறது என்பதற்கான அறிகுறி, கடைசியில்தான் எண். நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. டேஷ்போர்டில் எந்த எண் ஏற்கெனவே இருக்கிறதோ அதற்கு ஏற்ற குறிக்கோளைத் தேடிப் பிடிக்கிறோம்.

எல்லா இலக்கும் அடுத்தவர் ரெப்போவில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ரிலீஸ் அன்றே, எங்கள் கையிலேயே சரிபார்க்கக்கூடியவை சில உண்டு. அக்சஸிபிலிட்டி அதற்குத் தோதானது, ஏனென்றால் எண்களை வேறொருவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 மாறுபாடு வேண்டும். 2023 அக்டோபரில் வந்த இணைய அக்சஸிபிலிட்டி வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2, பட்டன் போன்ற தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்ஸல் என்கிறது, சில விதிவிலக்குகளோடு. "அக்சஸிபிலிட்டியை மேம்படுத்துவோம்" என்பதை "எழுத்துக்கான கலர் டோக்கன் ஜோடிகளில் 4.5-க்குக் கீழே ஒன்றும் இருக்காது" என்று மாற்றி எழுதினால் விவாதம் முடிந்தது. எங்கள் மெல்லிய சாம்பல் நிற உதவிக்குறிப்பு எழுத்து அந்த வரியில்தான் பலியானது. டிசைனருக்கு அது செல்லப் பிள்ளை. எண் 3.9-இல் நின்றதால் அழுது பயனில்லை.

தமிழில் வெட்டுப்படும் பட்டன்

இதே வகையில் நான் போராடி வாங்கிய ஒரு இலக்கு உண்டு. எங்கள் செயலியின் ஏஜென்ட் பக்கம் தமிழிலும் ஓடுகிறது. லைப்ரரியின் ஸ்டோரிபுக்கில் இருக்கும் மாதிரிகளிலோ (ஸ்டோரிகள்) முழுக்க ஆங்கில வாசகங்கள். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் பட்டன் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும்போது, 320 பிக்ஸல் அகலத் திரையில் பக்கத்தில் இருக்கும் 'ரத்து செய்' கீழே குதித்துவிடும். அதைவிட மோசம் உயரம். பட்டனுக்கு நிலையான உயரம் வைத்து, நிரம்பி வழிவதை மறைத்துவிட்டால், 'கீ'-யின் மேல் சுழியும் 'நூ'-வின் கீழ் வளைவும் சீவப்பட்டு நிற்கும். துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் எழுத்துக் கவுன்ட்டருக்கு 'தமிழ்' என்பது ஐந்து; படிப்பவருக்கு மூன்று. முப்பது எழுத்து வரம்பு வைத்த பெயர்ப் பெட்டியில் அப்பா பெயரோடு சேர்த்து எழுதும் ஆளுக்கு இடம் போதாது. நீளமான பெயரை ஜாவாஸ்கிரிப்டில் எண்ணிக்கை வைத்து நறுக்கினால் 'தூ' பாதியில் அறுந்து 'த' ஆகிவிடும்.

இதைப் 'பன்மொழி ஆதரவு' என்ற தலைப்பில் வைத்திருந்தவரை எந்த ரிலீஸிலும் இடம் கிடைக்கவில்லை. எல்லோரும் முக்கியம் என்றார்கள், எல்லோரும் அடுத்த காலாண்டு என்றார்கள். "ஒவ்வொரு காம்போனென்ட்டின் ஸ்டோரியிலும் தமிழ் வாசகத்தோடு ஒரு பிரதி இருக்கும், 320 பிக்ஸலில் எதுவும் வெட்டுப்படாது" என்று எழுதிய பிறகு இடம் கிடைத்தது. எத்தனை ஸ்டோரியில் இன்னும் தமிழ்ப் பிரதி இல்லை என்பது தினமும் இறங்கும் எண்ணாகிவிட்டது. வெட்டுப்படுகிறதா என்பதை மட்டும் கருவியை நம்பாமல் கண்ணால் பார்த்தோம். தமிழ் படிக்கத் தெரியாத பெங்களூரு சகா ஒருவர், "எனக்கு எழுத்து தெரியாது, ஆனா இங்க ஏதோ ஒண்ணு தலை போயிருக்கு" என்று சரியாகக் காட்டினார்.

எங்கள் மூத்த டிசைனர் ஒருவருக்கு இந்தப் போக்கில் வருத்தம் உண்டு. ஒரு சிஸ்டத்தின் ஒட்டுமொத்த அமைதி, இடைவெளிகளின் தாளம், இரண்டு காம்போனென்ட் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண் உறுத்தாமல் இருப்பது, இதெல்லாம் எந்த எண்ணில் அடங்கும் என்று கேட்கிறார். அடங்காதுதான். வாராவாரம் திரைகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி அவர் நடத்தும் விமர்சனக் கூட்டத்துக்கு நான் தவறாமல் போகிறேன். அங்கே பேச வேண்டியது அது. ரிலீஸ் இலக்கில் அதைப் போட்டால், கெடு நெருங்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்கப்படுவது அவருடைய அந்த அமைதிதான். அவரை இதில் இன்னும் முழுதாக இணங்கவைக்க முடியவில்லை.

டார்க் தீம்

இப்போது ஒரு சிக்கல். அடுத்த ரிலீஸ் டார்க் தீம். மேலிடத்து விருப்பம், பயனர்களும் கேட்கிறார்கள். பழக்கப்படி பேமெண்ட்ஸ் லீடிடம் போய், "இது வந்தா உங்க பக்கம் எது குறையும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணும் குறையாது. எங்ககிட்ட டார்க் இல்லவே இல்லையே, எதை டெலீட் பண்றது?" என்றார். சரியான பதில். எங்கள் அளவுகோலில் ஓட்டை இருக்கிறது: முற்றிலும் புதிதாக வருவதை அது அளக்காது.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு வேறு பக்கமிருந்து பிடித்தோம். டார்க் தீம் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் கோடில் நேரடியாக எழுதி வைத்திருக்கும் கலர்கள் போக வேண்டும், டோக்கன் வர வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து வந்து நிற்கும். கிரெப் என்ற தேடல் கருவியைப் போட்டுப் பார்த்தோம்: ஒரே நீலத்துக்கு ஏழெட்டு ஹெக்ஸ் கோடுகள் (நிறத்தைக் குறிக்கும் குறியீடுகள்), ஒன்றுக்கொன்று கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆக டெலீட் செய்ய நிறையவே இருக்கிறது, அவர் கண்ணில் படாத இடத்தில். எல்லா ரெப்போவும் என்று ஆரம்பிக்க மேலிடத்துக்கு ஆசை. பணம் அனுப்பும் பாதை ஒன்று மட்டும், லாகின் முதல் ரசீது வரை, என்று குறைத்திருக்கிறோம். வரைவில் இப்போது இருக்கும் வாக்கியம் இது: பணம் அனுப்பும் பாதையின் ஃபைல்களில் நேரடிக் கலர் மதிப்பு பூஜ்யம், டார்க் தீமில் அந்தத் திரைகளின் எழுத்து எதுவும் 4.5-க்குக் கீழே இல்லை, சரிபார்ப்பவர் எங்கள் குழு ஆள் அல்ல. தேதி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ரசீதை பிடிஎஃப் ஆக்கும் கோடு வேறொரு குழுவிடம் இருக்கிறது, அவர்கள் திங்கட்கிழமை சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.